மீட்பதும் மீள்வதும்

மும்பையின் புறநகர்களில் வாழும் தமிழர் இல்லங்களில் ஓர் ஆங்கில வினைச்சொல் தமிழ்ச்சொல்லைப் போலவே புழங்கி வருகிறது. மாதுங்காவிலும் செம்பூரிலும் கல்யாணிலும் ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினால், ‘நன்றாக ரிகவர் ஆகிவிட்டாரா?’ என்று அண்டை வீட்டார் விசாரிப்பர். வங்கிக் கடனின் தவணை தவறினால் ‘ரிகவரி’க்கு ஆள் வரும். கணினியில் அழிந்த கோப்பு திரும்பக் கிடைத்தாலும் அதற்கும் அதே சொல்தான். இந்த மூன்று இடங்களிலும் அச்சொல் எவ்விதத் தடையுமின்றிப் பொருள் தருகிறது.

நான்காவதாக ஓர் இடம் உண்டு. பெற்ற குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாயைப் பற்றியோ, நாற்பதாண்டு உடன் வாழ்ந்த மனைவியை இழந்த ஒரு முதியவரைப் பற்றியோ, ‘இன்னும் அவர் ரிகவர் ஆகவில்லையா?’ என்று சுற்றத்தார் கேட்கின்றனர். கேள்வியில் அன்பு இருக்கிறது, ஐயமில்லை. ஆயினும் அங்கே அந்தச் சொல் தடுமாறுகிறது. எதைத் திரும்பப் பெற வேண்டும் என்று அந்தத் தாயிடம் எதிர்பார்க்கப்படுகிறது? குழந்தையையா? அது இயலாது. பழைய மகிழ்ச்சியையா? அந்த மகிழ்ச்சி குழந்தையோடு சேர்ந்ததல்லவா?

இழந்தவரின் உள்ளத்தில் இதைவிடக் கூர்மையான ஒரு கேள்வியும் எழுவதுண்டு. துக்கம் நிகழ்ந்து சில மாதங்கள் கழித்து, ஏதோ ஒரு பேச்சின் நடுவே அவர் தம்மை அறியாமல் சிரித்துவிடுகிறார். அடுத்த நொடியே நெஞ்சில் முள் தைக்கிறது. ‘அதற்குள் மறந்துவிட்டேனா? இவ்வளவுதானா என் அன்பு?’ துயரிலிருந்து மீள்வது இறந்தவருக்குச் செய்யும் துரோகமா என்பதே அக்கேள்வி. இது மனத்தின் பலவீனம் என்று ஒதுக்கத் தக்கதன்று. அன்புக்கும் கடமைக்கும் இடையே எழும் உண்மையான அறச்சிக்கல் இது.

ஒரு சொல்லின் இரு பயன்பாடுகள்

அந்த ஆங்கில வினையைச் சற்று உற்று நோக்கினால் சிக்கலின் ஒரு முடிச்சு அவிழ்கிறது. இலத்தீன் மொழியில் ‘ரெகுப்பெராரே’ என்றிருந்த சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘ரிகவர்’ ஆயிற்று. ‘திரும்பப் பெறுதல்’ என்பது அதன் அடிப்படைப் பொருள். அச்சொல் இருவகையாக வழங்குகிறது. செயப்படுபொருளோடு வரும்போது இழந்த பொருளைக் கைப்பற்றுவதைக் குறிக்கிறது. கடனை மீட்பதும், களவு போன நகையை மீட்பதும், வழக்காடி இழப்பீடு பெறுவதும் இவ்வகை. செயப்படுபொருளின்றி வரும்போது, நோயிலிருந்தோ அதிர்ச்சியிலிருந்தோ ஒருவர் வெளிவருவதைக் குறிக்கிறது.

தமிழ் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. ‘நகையை மீட்டாள்’ என்பது ஒன்று. ‘நோயிலிருந்து மீண்டாள்’ என்பது மற்றொன்று. முன்னதில் பொருள் திரும்பி வருகிறது. பின்னதில் மனிதரே திரும்பி வருகிறார். மீட்பது வேறு, மீள்வது வேறு.

துயருற்ற மனம் செய்யும் முதல் பிழை, இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதே. ‘போனது திரும்பாது, ஆகவே நானும் திரும்ப முடியாது’ என்று அது முடிவு கட்டுகிறது. வாழ்க்கை தனக்குக் கடன்பட்டிருப்பதாகவும், அந்தக் கடன் வசூலாகும் வரை கணக்கை முடிக்கக் கூடாதென்றும் அது பிடிவாதம் செய்கிறது. மரணத்தின் முன்னால் எந்த வழக்கு மன்றமும் இழப்பீடு வழங்குவதில்லை. மீட்க இயலாத இடத்திலும் மீள்வது இயலுமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு விடை சொல்லும் ஒரு வாழ்க்கை கல்யாண் நகரில் தொடங்கியது.

கல்யாண் தந்த பெண்மணி

மும்பையின் சத்ரபதி சிவாஜி முனையத்திலிருந்து இருப்புப் பாதை வழியே ஏறத்தாழ 53 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கல்யாண், பழங்காலத்தில் அயல்நாட்டு வணிகரும் அறிந்திருந்த துறைமுகம். இன்று சென்னையிலிருந்து புணே வழியாக மும்பைக்கு வரும் ரயில்கள் இந்தச் சந்திப்பைக் கடந்தே செல்கின்றன. ‘கல்ய’ என்னும் வடசொல்லுக்கு ‘நோயற்ற’ என்ற பொருளுண்டு. ‘கல்யாண’ என்பதோ மங்கலத்தையும் நன்மையையும் குறிக்கும். அந்தப் பெயர் கொண்ட ஊரில் 1865-ஆம் ஆண்டு மார்ச் 31 அன்று யமுனா என்னும் பெண் குழந்தை பிறந்தது.

அக்கால வழக்கப்படி 9-ஆம் வயதில் அவளுக்குத் திருமணம் நடந்தது. அஞ்சல் துறையில் பணியாற்றிய கணவர் கோபால்ராவ் ஜோஷி, மனைவியை இழந்தவர். வயதில் மிக மூத்தவர். அவர் அவளுக்கு ஆனந்தி என்று பெயரிட்டார். பெண்களுக்கு எழுத்தறிவு தகாது என்று பலரும் கருதிய அந்நாளில், மனைவியைப் படிக்க வைப்பதில் அவர் உறுதியாக இருந்தார். அந்த உறுதியில் கடுமையும் கலந்திருந்தது. படிப்பில் கவனம் சிதறியபோது அவர் மனைவியை அடித்ததையும் வரலாறு மறைக்கவில்லை.

ஆனந்திபாய்க்கு 14-ஆம் வயதில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பத்து நாட்களே அது உயிர் வாழ்ந்தது. தக்க மருத்துவ உதவி கிடைக்கவில்லை. மருத்துவர்கள் பெரும்பாலும் ஆண்களாயிருந்த காலம் அது. அவர்களிடம் தம் நோயைச் சொல்ல நாணி எத்தனையோ பெண்கள் மௌனமாகத் துன்புற்றனர். அந்தப் பத்து நாட்களின் துயரமே அவரை மருத்துவக் கல்வியை நோக்கித் திருப்பியது என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

கோபால்ராவ் மனைவியின் கல்விக்கு உதவி வேண்டி அமெரிக்கப் பாதிரியார் ஒருவருக்கு 1880-இல் கடிதம் எழுதினார். அது அங்கே ஒரு சமயப் பத்திரிகையில் வெளிவந்தது. நியூ ஜெர்சி மாநிலத்தின் ரோசெல் என்னும் ஊரில் வாழ்ந்த தியோடீசியா கார்ப்பென்டர் என்ற பெண்மணி அதைப் படித்து, முன்பின் அறியாத அந்தப் பெண்ணுக்குக் கடிதம் எழுதினார். ஆனந்திபாயின் பயணத்தை ஊரார் பழித்தனர். 1883-இல் செராம்பூர் கல்லூரி மண்டபத்தில் அவர் மக்கள் முன் நின்று, தாம் ஏன் அமெரிக்கா செல்ல விரும்புகிறார் என்பதை விளக்கினார். இந்தியாவுக்கு இந்துப் பெண் மருத்துவர்கள் தேவை என்பதே அவ்வுரையின் சாரம். அவ்வாண்டே கல்கத்தாவிலிருந்து கப்பலேறினார். கணவர் உடன் செல்லவில்லை. அப்போது அவருக்கு வயது 18.

பிலடெல்பியாவிலிருந்த பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1886 மார்ச் மாதத்தில் அவர் பட்டம் பெற்றார். மேலைநாட்டு மருத்துவத்தில் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களுள் அவர் ஒருவர். பட்டத்திற்காக அவர் எழுதிய ஆய்வின் பொருள், இந்துக்களிடையே வழங்கிய பிரசவ மருத்துவம். உலகிலுள்ள மருத்துவப் பொருள்கள் அனைத்தையும் விடுத்து அதையே அவர் தேர்ந்துகொண்டார்.

அவர் தம் குழந்தையை மீட்கவில்லை. மீட்க முடியாதென்பதை அவர் அறிவார். ஆயினும் அவர் மீண்டார். குழந்தை இறந்த அறைக்குள்ளேயே தங்கிவிடாமலும், அந்த அறையை மறந்து ஓடிவிடாமலும், அங்கே இல்லாமற்போன ஒன்றைத் தேடிக் கடல் கடந்தார்.

மூடுவது ஆறுவதாகாது

ஆங்கிலத்தில் அதே எழுத்துகளால் ஆன வேறொரு சொல்லும் உண்டு. ‘ரீ’ என்பதற்கும் ‘கவர்’ என்பதற்கும் இடையே ஒரு சிறு கோடிட்டு எழுதினால் ‘மீண்டும் மூடுதல்’ என்று பொருளாகும். பழைய நாற்காலிக்குப் புதுத் துணி போர்த்துவதைப் போன்றது அது. வேர்ச்சொல்லும் வேறு, பொருளும் வேறு. ஒற்றுமை வெறும் ஒலியளவில்தான். ஆனால் மனித வாழ்க்கையில் இவ்விரண்டும் அடிக்கடி இடம் மாறிவிடுகின்றன. மீண்டுவிட்டதாகத் தோன்றும் பலர் உண்மையில் மூடிக்கொண்டவர்களே. இறந்தவரின் படத்தை அகற்றிவிடுகின்றனர். பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாதென்கின்றனர். ஓயாத வேலையில் தம்மைப் புதைத்துக்கொள்கின்றனர். சுற்றத்தாரும் அதையே ‘தேறிவிட்டார்’ என்று பாராட்டுகின்றனர். உள்ளே சீழ் இருக்கும்போது மேலே தோல் மூடிய புண்ணை எந்த மருத்துவரும் ஆறியதாகக் கொள்ளமாட்டார். அதை மறுபடி திறந்து தூய்மை செய்த பின்னரே ஆற விடுவார்.

துரோகம் என்று துயருற்றோர் அஞ்சுவது உண்மையில் இந்த மூடலைத்தான். மறதியை அவர்கள் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் மீள்வதற்கு மறதி தேவையில்லை. ஆனந்திபாயின் கல்வியில் ஒவ்வொரு நாளும் அந்தப் பத்து நாள் குழந்தைக்கு ஓர் இடம் இருந்திருக்க வேண்டும். நினைவு நீங்காமலே அவர் நடந்தார். நினைவு சுமையாக இருந்த நிலை மாறி, அதுவே வழி காட்டிற்று.

தமிழ்ச் சொற்கள் சொல்லும் பாடம்

நோயும் துயரும் நீங்குவதைச் சொல்லத் தமிழில் பல சொற்கள் உண்டு. அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தைக் காட்டுகின்றன.

‘தேறுதல்’ என்பது தெளிதலையும் குறிக்கும். உடல் தேறுகிறது, மனம் தேறுகிறது, மாணவன் தேர்வில் தேறுகிறான். குழம்பிய நீர் தெளிவது போல உள்ளம் தெளிவதே தேறுதல். தெளிந்த நீரில் அடியில் கிடப்பது முன்னைவிட நன்றாகத் தெரியும். எனவே தேறியவர் மறந்தவர் அல்லர். முன்பு கலக்கத்தினால் காண இயலாததை இப்போது காண்பவர்.

‘ஆறுதல்’ என்பது வெம்மை தணிதல். பால் ஆறுகிறது, சினம் ஆறுகிறது, புண் ஆறுகிறது. எதுவும் ஒரு நொடியில் ஆறிவிடுவதில்லை, காலம் வேண்டும். கொதிக்கும் பாலை ‘ஏன் இன்னும் ஆறவில்லை?’ என்று யாரும் கடிந்துகொள்வதில்லை. துயருற்றவரிடம் மட்டும் அந்தப் பொறுமை ஏனோ குறைந்துவிடுகிறது.

‘ஆற்றுதல்’ என்னும் சொல்லோ இன்னும் ஆழமானது. துயரை ஆற்றுதல் என்றால் தணித்தல். பணி ஆற்றுதல் என்றால் செய்தல். தணிப்பதற்கும் செய்வதற்கும் தமிழ் ஒரே வடிவத்தை வழங்குகிறது. இதைச் சொல்லின் தற்செயல் என்றே கொண்டாலும், வாழ்க்கை அதை மெய்ப்பிக்கிறது. பிறர் துயரை ஆற்றும் செயலை ஆற்றும்போது தன் துயரும் ஆறுகிறது.

வடமொழியில் நலமுற்றவரை ‘ஸ்வஸ்தன்’ என்பர். ‘தன்னில் நிலைபெற்றவன்’ என்பது அதன் பொருள். துயரில் ஆழ்ந்தவர் தன்னிலை இழந்தவர் என்பதை உலக வழக்கும் ஏற்கிறது. அவர் திரும்பப் பெற வேண்டியது இறந்தவரை அன்று, தம்மையே. அன்பு செய்யவும் உழைக்கவும் வல்ல அந்தத் தம்மை இழந்துவிட்டால், இறந்தவரை நினைக்கவும் ஆளின்றிப் போகும்.

அழுகை குற்றமாகுமா?

மீண்டவர் இனி அழவே கூடாது என்று எண்ணுவதும் பிழை. கீதையின் 18-ஆம் அத்தியாயத்தில், தன் மயக்கம் அகன்றதென்றும் நினைவு திரும்பக் கிடைத்ததென்றும் அர்ஜுனன் கண்ணனிடம் கூறுகிறான். இழந்ததைத் திரும்பப் பெற்றதாக அவன் சொல்வது நாட்டையன்று, செல்வத்தையன்று; தன் நினைவையே. ஆனால் அதே அர்ஜுனன், போரின் 13-ஆம் நாளில் மகன் அபிமன்யு மாண்ட செய்தி கேட்டுக் கதறி அழுகிறான். கீதையைக் கேட்டவன் அழலாமா என்று வியாசர் அவனைப் பழிக்கவில்லை. தெளிவு பெற்ற உள்ளமும் கல்லாகிவிடுவதில்லை. புயலில் சாய்ந்த மரம் வேரோடு பெயராதிருந்தால் மீண்டும் நிமிர்கிறது. அடுத்த புயலிலும் அது சாயத்தான் செய்யும்.

இதிலிருந்து மற்றொன்றையும் உணர வேண்டும். துயருற்ற ஒவ்வொருவரும் ஆனந்திபாயைப் போல் அரிய சாதனை புரிந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும் ஒருவகைக் கொடுமையே. தமிழ்நாட்டில் அவருக்கு ஒத்த ஒரு வாழ்க்கை உண்டு. ஆனந்திபாய் பட்டம் பெற்ற அதே 1886-ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனை அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. பல்லாண்டுகள் கழித்து, 1954-இல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியதில் அந்த வேதனைக்கும் பங்குண்டு. இழப்புக்கும் மருத்துவமனைக்கும் இடையே கழிந்த ஆண்டுகளை எண்ணிப் பார்ப்பவர், எந்தத் துயரையும் ‘உடனே பயனுள்ளதாக மாற்று’ என்று விரட்டமாட்டார்.

எல்லாராலும் மருத்துவமனை கட்ட இயலாது, கட்டவும் வேண்டாம். மகனை இழந்த தாய் ஒருநாள் பக்கத்து வீட்டுக் குழந்தையை மடியில் அமர்த்திச் சோறூட்டுகிறாள். மனைவியை இழந்த முதியவர், அவள் வளர்த்த துளசிக்குத் தாமே நீர் வார்க்கத் தொடங்குகிறார். செய்தித்தாளில் வராத இச்செயல்களும் மீட்சியே. இவற்றில் இறந்தவர் மறக்கப்படவில்லை. அவருக்கு உரியதாயிருந்த அன்பு மறுபடி புழக்கத்துக்கு வருகிறது.

மீளாதவர் நிலை என்ன?

இங்கே கடினமான ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஆனந்திபாயின் கதை வெற்றியில் முடியவில்லை. அமெரிக்காவிலேயே அவர் உடல்நலம் சீர்குலைந்தது. கோலாப்பூரின் ஆல்பர்ட் எட்வர்ட் மருத்துவமனையில் பெண்கள் பிரிவின் பொறுப்பு அவருக்கு வழங்கப்பட்டிருந்தது. 1886-ஆம் ஆண்டின் இறுதியில் தாயகம் திரும்பியபோது காசநோய் அவரை உருக்கிவிட்டிருந்தது. 1887 பிப்ரவரி 26 அன்று புணேயில் அவர் காலமானார். வயது 22 நிறையவில்லை. கோலாப்பூர்ப் பணியை அவரால் ஏற்கவே முடியவில்லை. அவருடைய அஸ்தி, கடல் கடந்து அன்பு காட்டிய கார்ப்பென்டர் அம்மையாருக்கு அனுப்பப்பட்டு, அந்தக் குடும்பத்தின் கல்லறைத் தோட்டத்தில் இடம்பெற்றது.

நோயிலிருந்து மீளவில்லை என்பதால் அவர் மீளாதவரா? ‘ரிகவர்’ என்ற சொல்லுக்கு உடல் நலமுறுவது மட்டுமே பொருளென்றால், அவர் தோற்றவரே. ஆனால் 14 வயதில் எதிர்கொண்ட இழப்பினின்று 18 வயதில் எழுந்து நின்ற அந்த எழுச்சியைக் காசநோயால் திரும்பப் பறிக்க முடிந்ததா?

கீதையின் 6-ஆம் அத்தியாயத்தில் அர்ஜுனன் இதைப் போன்ற கேள்வியையே எழுப்புகிறான். முயற்சியின் நடுவே வாழ்வு முடிந்துபோனவன், சிதறிய மேகம் போல் இரண்டுமின்றி அழிந்துவிடுவானோ என்று அவன் கவலைப்படுகிறான். நன்மை செய்பவன் எவனும் கேடுறுவதில்லை என்றும், செய்த முயற்சி மறுபடி அவனுக்குக் கிட்டும் என்றும் கண்ணன் தேற்றுகிறான். நன்மை செய்பவனைக் குறிக்க அவன் அங்கே ஆளும் சொல் ‘கல்யாணக்ருத்’ என்பதாகும். கல்யாண் என்னும் ஊரின் பெயரிலுள்ள அதே சொல். முற்றுப்பெறாத நற்செயலும் வீணாவதில்லை என்ற அந்த உறுதியை மறுபிறவிக்குரியதாக மட்டும் கொள்ள வேண்டியதில்லை. ஆனந்திபாயால் ஒரு நோயாளிக்குக்கூடத் தம் நாட்டில் முறையாகப் பணிபுரிய இயலவில்லை. இருந்தும், இந்துப் பெண் ஒருத்தி மருத்துவராக முடியும் என்ற உண்மை அவருக்குப் பின் யாராலும் மறுக்க முடியாததாயிற்று.

கேட்க வேண்டிய கேள்வி

இனி, துயர்வீட்டுக்குச் செல்பவர் என்ன கேட்பது? ‘ரிகவர் ஆகிவிட்டீர்களா?’ என்னும் கேள்வி, ஒரு தேதியைக் குறித்துச் சொல்லுமாறு கேட்பது போன்றது. அதற்கு ‘ஆம்’ என்றால் மறந்துவிட்டதாகவும், ‘இல்லை’ என்றால் பலவீனர் என்றும் ஆகிவிடுகிறது. இரண்டுமே உண்மையல்ல. அதைவிட, ‘சாப்பிட்டீர்களா?’ என்று கேட்டு உடன் அமர்வது மேல். இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவர் செய்த நல்லதொன்றை நினைவுகூர்வது அதனினும் மேல். அவர் பெயரை உச்சரிக்கலாம் என்று தெரிந்தவுடன் மூடிக்கிடந்த புண் காற்றுப் படத் தொடங்குகிறது.

துயருற்றவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. ‘போனதை எப்படி மீட்பேன்?’ என்பதற்கு விடையில்லை. ‘போனவர் என்னிடம் விட்டுச்சென்ற அன்பை இனி யாரிடம் செலுத்துவேன்?’ என்பதற்கு விடையுண்டு. அது பெரும்பாலும் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கும். அந்த விடையை நோக்கி எடுத்து வைக்கும் முதல் அடி துரோகமாகாது. இறந்தவருக்குச் செலுத்த வேண்டிய கடனில் முதல் தவணை அதுவே.